அப்பாவின் நடுத்தீர்வை

அப்பா தோணியில் தண்டல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போகும் தோணிக்குத் தலைவர். கடலில் அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். ஆனால் வீட்டில் அவர் தன் பேரில் கட்டளை போடமாட்டார். ஆண்டவர் பேரில் போடுவார்.

"நடுத்தீர்வையில என்ன பதில் சொல்லுவ?"

நானும் தங்கையும், பெண்பிள்ளைகள் இரண்டு பேரும், இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தோம். செத்தபிறகு ஆண்டவர் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டிய அந்த வேளைக்கு எங்கள் கரையில் நடுத்தீர்வை என்று பேர். மாதா கோயில் பூசையில் சிரித்தால் அதைச் சொல்வார். சோற்றை மிச்சம் வைத்தால் அதைச் சொல்வார். காய்ச்சல் வந்தால் மாத்திரை தருவதற்கு முன் "என்ன பாவம் செஞ்ச?" என்பார். நான் தேடித் தேடி எதையாவது ஒப்புக்கொள்வேன். தங்கை ஒப்புக்கொள்ளமாட்டாள். அவளுக்குத்தான் அடி அதிகம்.

அவள் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி மகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இந்துக் குடும்பம். அப்பா கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை.

"நான் ஒண்ணும் செய்யமாட்டேன். செய்யவேண்டியவர் செய்வாரு" என்றார்.

அதன்பிறகு அவர் காத்திருந்தார். எனக்கு அது தெரியும். தங்கை உண்டாகியிருக்கிறாள் என்று அம்மா சொன்ன அன்றும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை, யாரோ வரப்போவதை எதிர்பார்ப்பவரின் முகம்தான் இருந்தது.

குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை, நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கு அப்பா வந்தபோது மனசு இளகிவிட்டது என்று நம்பி நான்தான் வழிவிட்டேன். அவர் கட்டில் அருகே நின்று தங்கையைப் பார்த்தார்.

"பாத்தியா? ஆண்டவர் தீர்ப்புச் சொல்லிட்டாரு."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவர் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். நர்ஸுகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அந்தப் பச்சப்புள்ள என்ன பாவம் செஞ்சிச்சு? சொல்லுங்க!"

"பெத்தவ செஞ்சா."

"இப்படி ஒரு ஆண்டவர் இருந்தா அவருக்கு முன்னால நான் நிக்கமாட்டேன். நீங்களே போய் நில்லுங்க."

குழந்தையை உடன்குடியில் மாப்பிள்ளை வீட்டு நிலத்துச் செம்மண்ணில் புதைத்தார்கள். நான் போனேன். அம்மாவை அப்பா போகவிடவில்லை. அன்றோடு அந்த வீட்டுக்குப் போவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அம்மாவால் தனியாக அவரைத் தூக்க முடியவில்லை. அம்மாவுக்காகத்தான் நான் திரும்பிப் போனேன். அவரைக் குளிப்பாட்டும்போதுகூட முகத்தைப் பார்க்கமாட்டேன்.

ஒருநாள் அவர் முன்பு நடத்திவந்த செபக்கூட்டத்து ஆட்கள் வந்தார்கள். அப்பாவிடமே பிரசங்கம் பேசக் கற்றுக்கொண்ட ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, மறைச்ச பாவம் ஏதாவது இருக்கும். வெளிய சொல்லிருங்க. ஆண்டவர் சும்மா அடிக்கமாட்டாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு அப்பாவின் கண்களைப் பார்த்தேன். சின்ன வயதில் நான் தேடியதுபோல அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"எந்திரிங்க. எல்லாரும் வெளிய போங்க" என்றேன்.

அவர்கள் போனதும் அப்பா குழறிக் குழறிச் சொன்னார். "அவங்க சொல்லுதது சரிதாம்ளா."

எனக்குத் திரும்பவும் ஆத்திரம் வந்தது. அவருக்காகப் பரிந்து பேசினேனே என்று என் மேலேயே வந்தது.

நடந்ததைத் தங்கையிடம் போனில் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டாள். பாசத்தில் வரவில்லை. செருப்பைக் கழற்றிப்போட்டு நேரே கட்டிலுக்குப் போனாள்.

"என் புள்ள செத்தது என் பாவம்னு சொன்னீங்க. நீங்க விழுந்துகிடக்கது யார் பாவம்?"

"எம் பாவம்."

"எது?"

அப்பா வாயைத் திறந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. அம்மா வாசல்படியில் நின்று அழுதாள்.

"தெரியல" என்றார்.

"எனக்கும் அன்னைக்குத் தெரியலப்பா."

அவள் எழுந்தாள். அப்பா இடது கையால் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தார். "மன்னிச்சிரு" என்ற மாதிரி கேட்டது. அவள் அவர் விரல்களைப் பிரித்துக் கையை எடுத்து மெத்தைமேல் வைத்தாள்.

"நடுத்தீர்வையில கேளுங்க. நானும் அங்க வருவேன். எம் மவளும் வருவா."

அந்த மழைக்காலத்திலேயே அப்பா இறந்துபோனார். தங்கை அடக்கத்துக்கு வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் கணவனோடு குடை பிடித்து நின்றாள். உள்ளே வரவில்லை, மண் போடவில்லை. ஊர் அவளைத்தான் ஏசியது.

இனியாவது மன்னித்துவிடு என்று பங்குச் சாமியார்கூட என்னிடம் சொன்னார். என்னால் முடியவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். ஆண்டவர் தீர்ப்பிட வருவார் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் இடம் வரும். சிறுவயதில் பயத்தில் அந்த இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். இப்போது அவர் வரவேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டில் அருகே சொன்ன வார்த்தைக்கு, அந்தக் குழந்தையை முன்னால் நிறுத்தி, அவர் என் அப்பாவைக் கேட்கவேண்டும். அதற்கு ஒரு தீர்வை இல்லையென்றால் வேறு எதற்கு இருக்கிறது?

பக்கத்தில் நிற்கும் அம்மா என் கையைக் கிள்ளுவாள்.

"ஏளா, மெதுவாச் சொல்லு. எல்லாரும் பாக்காங்க."

நான் குரலைக் குறைப்பதில்லை.