எங்கள் வீட்டு நெற்றிக்கண்

எங்கள் வீட்டில் யாராவது "நெத்திக்கண்ணத் தொறந்துட்டான்டி" என்று சொன்னால் உடனே குனிந்துவிட வேண்டும். ஏதாவது பறந்து வரும். அண்ணன் எறிந்ததில் சொம்பு உண்டு, மிக்ஸி ஜார் உண்டு, ஒரு தடவை கொதிக்கிற ரசத்தோடு சட்டியே வந்தது. அது சுவரில் பட்டுத் தெறித்த தழும்பு அண்ணியின் கழுத்தில் இன்னும் இருக்கிறது.

மூத்த அண்ணனை அவன் என்றும், வந்த அண்ணியை அவர் என்றும் எழுதுகிறேனே என்று யாருக்காவது உறுத்தினால் உறுத்தட்டும். அப்படித்தான் எழுதுவேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா அடுத்தவர் பண்ணையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அண்ணன் அதே ஊரில் சொந்தமாக நிலம் வாங்கினான், பிறகு டிராக்டர் வாங்கினான். உழைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. கோபம்தான் பேயாக இருந்தது. வாய்க்காலை அடைத்தார் என்று பக்கத்து வயல்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவருக்குக் காது கிழிந்து தொங்கியது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அம்மா முந்தானையை விரித்துக்கொண்டு அழுதார். மாசி மாதம் எங்கள் ஊரில் காமன் பண்டிகை நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணால் பார்த்ததில் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து பாட்டிலேயே வாதம் செய்வார்கள். அண்ணன் எரிந்த கட்சி. பாட்டில் பதில் வராவிட்டால் எதிர்க்கட்சிக்காரனைப் பிடித்து அடிப்பான்.

அண்ணியின் இடது கை முறிந்தபோது "மாட்டுக் கொட்டகையில வழுக்கி விழுந்துட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். எங்கள் வீட்டில் அப்போது மாடே கிடையாது.

நான் தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். நானும் அந்த வீட்டுப் பெண்தான், எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் சாக்பீஸ் எறிவதோடு நிறுத்திக்கொள்வேன். சின்ன வயதில் அண்ணன் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பான். அதன் வாயில் மூக்குப்பொடியைத் திணித்து, அது தலைசுற்றிக் கிறுகிறுவென்று ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பான். ஆடி முடித்ததும் கல்லால் மண்டையிலேயே போடுவான். கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மண்டையின் உச்சியில் வெளிறிய புள்ளியாக ஓணானுக்கு உண்மையிலேயே மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது என்று. உருவம் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் தெரியும். மனிதனுக்கு அந்தக் கண் இல்லை. அதன் பங்காளியான பீனியல் சுரப்பி மட்டும் மூளையின் நட்டநடுவில் நெல்மணி அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. இருட்டியதும் மெலடோனினைச் சுரந்து, தூங்கு என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை.

காது கிழிந்த வழக்கு ஒருவழியாகச் சமாதானத்தில் முடிந்தது. பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் யோகா சொல்லிக் கொடுத்தார். அந்த ஆடி மாதம் அம்மா அண்ணனை அங்கே இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மாஸ்டர் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். தலையைக் குறுக்கே வெட்டிக் காட்டிய படம், நடுவில் பீனியல் சுரப்பி, அதிலிருந்து நெற்றிக்கு மஞ்சள் கதிர்கள். "இதத்தான் நம்ம சித்தருங்க ஆக்ஞை சக்கரம்னாங்க. ஆக்ஞைன்னா ஆணை. மனச புருவ நடுவுல நிறுத்துனா நெற்றிக்கண் திறக்கும்" என்றார்.

அம்மா பதறிப்போய் எழுந்துவிட்டார். "ஐயய்யோ, வேணாங்க! அவனுக்கு அது தொறந்துதாங்க கெடக்கு. மூடுறதுக்கு ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். நல்ல மனிதர்தான். அன்று நானும் கண்ணை மூடிப் புருவ நடுவில் பார்த்தபடி உட்கார்ந்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு நன்றாகவே இருந்தது. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தியதுபோல் இருந்தது. ஆனால் பீனியலுக்கும் நெற்றிக்கும் நடுவில் மஞ்சள் கதிர் எதுவும் ஓடுவதில்லை என்று அவரிடம் சொன்னேன். "சயின்ஸ் இன்னும் அங்க வரலம்மா" என்றார். அங்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைக் கிள்ளினார்.

கார்த்திகைக்குள் அண்ணன் அடங்கிவிட்டான். ஊரே வாயைப் பிளந்தது. அதே பக்கத்து வயல்காரர் மறுபடியும் வாய்க்காலை அடைத்தார், அண்ணன் போய்ப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தான். சோற்றில் உப்பு அதிகமானாலும் சாப்பிட்டான். கேட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும், அதுவும் ஒரு சொல். பகலில் தூங்கினான். அம்மா மாஸ்டருக்கு வாழைத்தார் கொண்டு போய்க் கொடுத்தார். அவனைப் பார்த்து ஊரில் இன்னும் நாலைந்து பேர் அந்த வகுப்பில் சேர்ந்தார்கள். போனில் அண்ணியின் குரலே மாறியிருந்தது. "காமன் எரிஞ்சானோ இல்லையோ டீச்சரு, ஒங்க அண்ணன் அணைஞ்சிட்டாரு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வாசலில் தென்னையில் ஆள் ஏறிக் காய் வெட்டிக்கொண்டிருந்தார். "தள்ளிக்கங்க, தள்ளிக்கங்க" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் கண்ணைத் தூக்கிப் பார்த்து ஓடினோம். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். ஒரு காய் அவன் தோளைச் சிராய்த்துக்கொண்டு தரையில் விழுந்து பிளந்தது. ரத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் மேலே பார்த்தான், அதுவும் கோழி தண்ணீர் குடிப்பதுபோல் கழுத்தையும் தலையையும் மொத்தமாகப் பின்னால் சாய்த்து.

ஓடிப்போய் அவன் தாடையை இறுக்கிப் பிடித்தேன். "தலைய ஆட்டாத. கண்ண மட்டும் தூக்கு. என் விரலப் பாரு." கண்மணிகள் நடுவரைக்கும் வந்தன, அங்கேயே நடுங்கின, அதற்கு மேல் ஏறவில்லை.

"எத்தன விரல்டா காட்டுறேன்?" அண்ணனை டா போட்டது அன்றைக்குத்தான்.

"ரெண்டு கை தெரியுது" என்றான் மெதுவாக.

"காலையில வாந்தி எடுக்குறானா?" என்று அண்ணியைக் கேட்டேன். தினமும் என்றார். "கழிவு வெளியேறுதுன்னு மாஸ்டரு சொன்னாரு" என்று அம்மா குறுக்கே வந்தார். தலைவலியும் உண்டாம். அதுவும் கண் திறப்பதற்கான அறிகுறியாம்.

அவனை வண்டியில் உட்கார வைத்து நேரே மண்டபத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆடியிலேருந்து புருவ நடுவுல பாரு, பாருன்னு சொல்றீங்களே, இந்த ஆளால கண்ண மேல தூக்கவே முடியல! அதக்கூடவாய்யா பாக்கல?" என்று கத்தினேன். யாரோ என் கையைப் பிடித்தார், உதறியதில் அவர் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. குத்துவிளக்கு உருண்டு பாயில் எண்ணெய் கொட்டியது. படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து, மாஸ்டர் மடியிலேயே இரண்டாகக் கிழித்துப் போட்டேன். இத்தனைக்கும் அண்ணன் வாசலில் நின்று, வேறு யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது. "கண்ண மூடிக்கிட்டுத்தானேம்மா எல்லாரும் செய்வாங்க. மூடுன இமைக்குள்ள எங்க பாக்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் வீட்டில் நிறுத்தி அம்மாவையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்கு அவர்தான் ஓட்டினார். வழி முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நெல்மணி அளவு இருக்க வேண்டிய இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளையாகக் கட்டி தெரிந்தது. "பீனியல்லதான் வந்திருக்கு. கண்ண மேல தூக்க வைக்கிற எடத்த அது அழுத்துது, அதான் மேல பாக்க முடியல. இதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வாய்க்கால் மாதிரி இருக்கு, மூளையில ஊறுற தண்ணி அது வழியாத்தான் கீழ எறங்கணும். கட்டி அத அடைச்சிருச்சு. தண்ணி தேங்கி மூளைய அழுத்துது. உடனே வேற வழி வெட்டி விடலன்னா உயிருக்கே ஆபத்து." வாய்க்காலை அடைத்ததற்காக ஒருவர் காதைக் கிழித்தவன், தன் தலைக்குள் அடைத்திருக்கிறது என்று கேட்டுத் தலையை ஆட்டினான்.

யோகாவால் வந்ததா என்று அம்மா கேட்டார். "இல்லம்மா, இது தானா வர்றது. இவ்வளவு நாள் விட்டதுதான் தப்பு" என்றார் டாக்டர்.

அண்ணி ஓரடி முன்னால் வந்தார். "சரியானா… இதே மாதிரி அமைதியா இருப்பாருங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில் சிரித்தார். "சேச்சே, அது அமைதி இல்லம்மா, மந்தம். தண்ணி வடிஞ்சதும் போயிரும். பழைய ஆளா வந்துருவாரு, பாருங்க."

"பழைய ஆளாவா?" என்றார் அண்ணி.

வெளியே வராந்தாவில் நர்ஸ் சம்மதத்தாளை நீட்டினார். அண்ணி பேனாவை வாங்கவில்லை. அம்மா பாய்ந்து அவர் கொண்டையைப் பிடித்துவிட்டார். "எம்புள்ளையக் கொல்லப் பாக்குறியாடி, சண்டாளி!" பிடித்த பிடியில் பூ உதிர்ந்தது, தலை சுவரில் இடித்தது. நான் அம்மாவைப் பிய்த்து இழுத்துப் பெஞ்சில் தள்ளினேன். சண்டையைப் பார்த்து நகர்ந்துவிட்ட நர்ஸைக் கூப்பிடுவதற்காகக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். அண்ணி சட்டென்று குனிந்து, முறிந்து சேர்ந்த அந்தக் கையை முகத்துக்கு மேல் மடக்கிக்கொண்டார்.

தூக்கின கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

குனிந்தபடியே அண்ணி பேசினார். "நாகூருக்குப் போயி வேண்டிக்கிட்டேம்மா. அவரு சாகணும்னு வேண்டல. கோவம் மட்டும் போயிரணும்னு வேண்டுனேன். ஆண்டவர் குடுத்துட்டாருன்னு நெனச்சேன். இப்பத்தான் காலை நீட்டிப் படுக்குறேன். இத்தன வருஷமும் சுருண்டுக்கிட்டுத்தான் படுப்பேன், வயித்துல மிதி விழுந்துரக் கூடாதுல்ல. இப்ப நானே கையெழுத்துப் போட்டு அந்த ஆளத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வரணுமா? நீயே சொல்லு."

"போடலன்னா செத்துருவான் அண்ணி" என்றேன்.

"தெரியும்."

சக்கர நாற்காலியில் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே பார்க்க முடியாத கண்ணால் அண்ணியின் வயிற்றுக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அதை ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. "சாப்பிட்டேங்க" என்றார். பொய்தான், காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு, திரும்பி வந்த நர்ஸிடம் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

மண்டையில் துளை போட்டு, தேங்கிய நீருக்கு வேறு வழி வெட்டி, அதே வழியில் கட்டியிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். அடுத்து வந்த நாட்களில் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டான். அண்ணிதான் துடைத்துவிட்டார், மலம் எடுத்தார், கஞ்சி ஊட்டினார். ஒரு காலையில் தலை அசையாமல் கண்மணி இரண்டும் மேலே ஏறின. சுழலும் ஃபேனை நேராகப் பார்த்தான்.

"அந்த ஃபேன் ஏன்டி இப்புடி நொண்டுது? வேகத்தக் கூட்டி வைக்கத் தெரியாது?" என்றான். அடுத்த கணம் கஞ்சி டம்ளர் பறந்தது. அண்ணியின் நெற்றியில் பட்டு, புருவத்துக்கு நடுவில் தோல் கிழிந்தது. கஞ்சியும் ரத்தமும் மூக்கு வழியாக இறங்கின.

"நெத்திக்கண்ணத் தொறந்துட்டான்!" என்று அம்மா கைகொட்டிக் கத்தினார். "எம்புள்ள வந்துட்டான்! எம்புள்ள வந்துட்டான்டி!" அழுதுகொண்டே அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரையே எடுத்து அவன் மேல் எறிந்திருப்பேன், தலையில் கட்டு இருந்ததால் பிழைத்தான்.

அண்ணி முகத்தைக் கழுவிவிட்டு வந்து, சிந்திய கஞ்சியைத் துடைத்தார். கட்டியின் சோதனை முடிவு வரும்வரை இருந்தார். கெட்ட கட்டி இல்லை, மெதுவாக வளர்கிற வகை, தெம்பு வந்ததும் எடுத்துவிடலாம், ஆள் பிழைத்தாயிற்று என்று டாக்டர் சொன்னதை நின்று முழுக்கக் கேட்டார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒயர்க் கூடையை எடுத்து, தன் இரண்டு புடவைகளை மட்டும் அதில் வைத்தார்.

வராந்தாவில் ஓடிப்போய் மறித்தேன். "எங்க அண்ணி?"

"பூதலூருக்கு. எங்கம்மா வீட்டுக்கு."

"எப்ப வருவீங்க?"

நெற்றி நடுவில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவரு பொழச்சிட்டாரும்மா. இனி நான் பொழைக்கணும்."

நான் கூடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ரயில்வே ஸ்டேஷன்வரை நானே தூக்கி வருவதாகச் சொன்னேன். படியில் இறங்கும்போது உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான். "எங்கடி போய்த் தொலைஞ்ச?" மாடியே அதிர்ந்தது. ஏதோ எறிந்த சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் என்னை அறியாமல் குனிந்துவிட்டேன். அண்ணி குனியவில்லை.