பஸ் டிரைவரின் இருபத்திரண்டாவது படம்

ஜூன் 2: ரோல் 1, படம் 36, தேறியது 0.
ஜூன் 9: ரோல் 1, படம் 36, தேறியது 0.
ஜூன் 16: ரோல் 0, படம் 0.
ஜூன் 20: ரோல் 1, படம் 36, தேறியது 1.

கேமராக்கார அம்மா ஸ்டுடியோவை மூடிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. குடும்பங்களைப் பூங்காவுக்கோ ஆற்றங்கரைக்கோ வரச்சொல்லி, அவர்கள் தம்மை மறந்திருக்கும் நேரத்தில் ஃபிலிமில் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. மே 24 அன்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. "ஜூன் 21 அப்பாவுக்குத் தாடையில் ஆபரேஷன். பழைய சிரிப்பு திரும்பாதாம். அதற்குள் எனக்கு லீவு கிடைக்காது. வீட்டிலுள்ள எந்தப் படத்திலும் அவர் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று எடுத்துக்கொடுங்கள்."

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாள் முழுக்க வாய் ஓயாமல் கிண்டலடிப்பவர், கேமராவைக் கண்டால் மட்டும் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு கம்பம் மாதிரி நிற்பார்.

"என்னங்க, லைசென்ஸ் புதுப்பிக்கவா வந்திருக்கோம்?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. வகிடு நேரா இருக்கா பாரு."

இரண்டு ரோல் வீண். மூன்றாம் முறை கேமராக்கார அம்மா ஒரு திட்டத்தோடு போனாள். முதலில் ரோல் போடாத கேமராவைத் தட்டிக்கொண்டே இருப்பது. அவர் விறைத்து விறைத்து அலுத்ததும் ரோலைப் போடுவது. முப்பது கிளிக்கில் அவர் அலுத்துவிட்டார். கூட வந்திருந்த மகன் காரை மரநிழலில் நிறுத்தத் திணறியதைப் பார்த்து, "டேய், அது காருடா, கட்டில் இல்ல, இப்படி இழுத்துப் போடறதுக்கு!" என்று கத்தி வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் விடாமல் அழுத்தினாள். அப்புறம்தான் பார்த்தாள், ரோலோடு சேர்ந்து சுற்றவேண்டிய குமிழ் அசையவே இல்லை. ரோல் பையிலேயே கிடந்தது.

நடந்ததை அவள் மறைக்கவில்லை. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "காரியத்தையே கெடுத்துட்டீங்களேக்கா."

"ஐயா, இருபதாம் தேதி வரீங்களா?"

"மறுநாள் கத்தி வைக்கப்போறாங்கம்மா."

"தெரியும். எடுக்காம விடமாட்டேன்."

இருபதாம் தேதி அரைமணி முன்னதாகவே வந்து வெளிச்சத்தை அளந்தாள். எட்டடி தூரத்துக்கு லென்ஸைப் பொருத்தினாள். கண்ணுக்குத் தூக்கினால்தானே விறைப்பார்? கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டாள். முதல் அரைமணியில் இருபத்தோரு படம் போயிற்று. ஒவ்வொன்றிலும் அவர் எப்படியோ கண்டுபிடித்து விறைத்தார். பிறகு அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னிக்காவது ரோல் இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

"டீசலே இல்லாம முப்பது தடவ பஸ்ஸக் கெளப்பின ஆளாச்சே நீ! உன்ன எங்க டிப்போல சேத்திருந்தா, ஏறின சனம் இன்னும் அங்கேயே உக்காந்திருக்கும்!"

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகன் சிரிப்பை அடக்கக் குனிந்துவிட்டான். தன் கிண்டலுக்குத் தானே வாய்விட்டுச் சிரித்தார் டிரைவர். இருபத்திரண்டாவது படம். மீதிப் பதினான்கில் மறுபடியும் கம்பம்.

மறுநாள் அவர் ஆபரேஷன் மேஜையில் இருந்த நேரத்தில் அவள் படத்தைக் கழுவி, பிரதி போட்டுத் தபாலில் சேர்த்தாள். ஜூலை 9 அன்று மகளின் பதில் வந்தது: "சத்தம்கூடக் கேட்கிறது."

மூன்றாவது கடிதம் டிரைவரின் கையெழுத்தில் இருந்தது. "பேச்சு இன்னும் குழறுகிறது. சிரித்தால் ஒரு பக்கம்தான் வருகிறது. மகள் லீவில் வருகிறாள். இந்த முகத்தோடும் எங்களைச் சேர்த்து வெளியே வைத்து ஒன்று எடுக்கவேண்டும். காலர் பொத்தான் போடமாட்டேன்." அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 6.