அஜிதாவின் கழுத்தும் பதினோரு பவுனும்

அஜிதாவுக்குத் தலை என்று ஒன்று இருப்பதைப் புகுந்த வீட்டார் கண்டுபிடித்தது, அவள் தலைக்கவசம் வாங்கப் போன அன்றைக்குத்தான். கழுத்து இருப்பது அவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பதினோரு பவுன் சங்கிலியைப் பேசி முடித்துவிட்டுத்தானே பெண்ணையே பார்க்க வந்தார்கள்.

நான் ராஜபாய். குலசேகரத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதிலும் ஒரு பலாமரமும்தான் உண்டு. மதில் குட்டை, எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. அதனால் நான் சொல்வதில் கற்பனை குறைவு, எரிச்சல்தான் அதிகம்.

அஜிதாவின் கணவர் ஆன்ட்ரூஸ் மஸ்கட்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். வேலைக்கு வருகிற ஒவ்வொருவனும் ஹெல்மெட் போட்டிருக்கிறானா என்று பார்ப்பதற்கு மாதச் சம்பளம். போன தடவை லீவில் வந்தபோது டாக்டர் அவர் வயிற்றைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டார். மறுநாளே மலையில் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று வந்து இறங்கியது. தடித்த டயர், முன்னால் குலுக்கம் தாங்குகிற ஸ்பிரிங், எண்ணி முடியாத கியர். இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் புரோட்டாக் கடைக்கு அதில் போய்வந்தார். அதோடு லீவும் முடிந்தது, உடற்பயிற்சியும் முடிந்தது. பிறகு அந்தச் சைக்கிள் கார் ஷெட்டில் நின்று, அவருடைய அம்மா தங்கபாய் மாமியின் துவர்த்துத் துண்டுகளைக் காயப்போடப் பயன்பட்டது.

அஜிதா எங்கள் ஊர் கிளினிக் ஒன்றில் ரத்தம் எடுக்கிறவள். எலும்பும் தோலுமான கிழவர்களின் கையில்கூட விரலால் தடவி நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். அவள் லீவு என்றால் ‘நாளைக்கு வாறேன்’ என்று திரும்பிப் போகிற ஆட்கள் உண்டு. பேச்சு மட்டும் வராது. கல்யாணம் கழிந்து பதினாலு வருஷத்தில் அது வேண்டும், இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டு நான் கேட்டதில்லை. என் காதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேனே.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, துவர்த்துகளை எடுத்து மடித்து வைத்தாள், டயருக்குக் காற்று அடித்தாள், ஏறிப் போய்விட்டாள். ரப்பர் தோட்டத்துச் சரிவெல்லாம் இறங்கிவிட்டு முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. என்னட்டி விசேஷம் என்று கேட்டேன். எறக்கத்துல காத்து மூஞ்சியில அடிச்சுது, அவ்வளவுதான் என்றாள். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் போனாள். மாமியும் தடுக்கவில்லை. சைக்கிள் சும்மா நின்று துருப்பிடிக்கவில்லையே என்கிற திருப்தி அவருக்கு.

வினை பந்தயத்தில் வந்தது. நாகர்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஜெபிஷும் அவன் கூட்டாளிகளும் கிறிஸ்துமஸ் கழிந்து எங்கள் பக்கத்து ரப்பர் மலையில் மலையிறக்கப் பந்தயம் நடத்துவதாக அறிவித்தார்கள். பெண்களுக்குத் தனிப் பிரிவு. அஜிதா யாரிடமும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து, எனக்கு இதுல எறங்கணும் அக்கா என்றாள். அவளுக்கு ஓர் ஆசை இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். பந்தயத்துக்கு நிபந்தனை ஒன்றுண்டு: முகத்தையும் தாடையையும் மூடுகிற தலைக்கவசம் வேண்டும், கழுத்துக்குக் காப்பு வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் ஓரமாக நின்று கைதட்டலாம்.

மூன்று பேரும் ஜெபிஷின் கடைக்குப் போனோம். கடைக்காரன் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள மாமி வந்தார். திரும்பும் வழியில் துணிக்கடை இருப்பது தற்செயல்.

என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டால் என்ன என்று நான்தான் முதலில் கேட்டேன். அது பெரும்பாலும் என் முழங்கையைத்தான் பாதுகாத்து வந்தது, போலீஸ் நிற்கிற இடத்தில் மட்டும் தலைக்கு ஏறும். ஜெபிஷ் மரியாதையாகச் சிரித்தான். அது கனம், மலையில் மூச்சு முட்டும் என்றான். அடுத்து, உச்சந்தலையை மட்டும் மூடுகிற ஒன்றைக் காட்டினான். சமதரைக்கு அது போதும், இறக்கத்தில் முகம் குப்புற விழுந்தால் பல்லையும் தாடையையும் பொறுக்க வேண்டியதுதான் என்று அதைத் தள்ளி வைத்தான். பிறகு தாடைக்குக் குறுக்கே கட்டை வைத்த முழுக்கவசத்தை எடுத்தான்.

அஜிதாவின் புருவத்துக்கு மேலே நாடாவைச் சுற்றி அளந்தான். மாமி தன் பங்குக்கு, ஒரு அளவு கூடுதலா எடு, நாள்பட கெடக்கும் என்றார். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் தலை இனி வளரும் என்று அவர் நம்பியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஜெபிஷ் பொறுமையாகச் சொன்னான்: லூசாக இருந்தால் விழும்போது கவசம் ஒரு பக்கம் போகும், தலை இன்னொரு பக்கம் போகும். தலையை ஆட்டினால் கவசத்தோடு நெற்றித் தோலும் அசைய வேண்டும், கன்னம் இரண்டையும் பஞ்சு அமுக்க வேண்டும். அதற்கும் ஓர் இடைஞ்சல் வந்தது. அவளுடைய கொண்டை கவசத்தைப் பின்னாலிருந்து தூக்கியது. கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிய பிறகுதான் சரியாக இறங்கியது. கண்ணாடியில் பார்த்துவிட்டு மாமி கேட்ட ஒரே கேள்வி, இத போட்டுக்கிட்டு சோறு எப்பிடித் தின்னும் என்பது.

கழுத்துக் காப்பு வந்ததும் வேடிக்கை நின்றது. தோள், நெஞ்சு, முதுகு மூன்றிலும் பதிந்து கழுத்தைச் சுற்றி நிற்கிற வளையம் அது. விழும்போது தலை அளவுக்கு மீறி மடங்காதபடி கவசத்தின் விளிம்பு அதில் முட்டி நிற்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், நிமிர்ந்தால் முன்னால் பாதை தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாட்டிவிட்ட ஜெபிஷ், நெஞ்சுப் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிட்டான்.

“அக்கா, சங்கிலிய கழத்தணும். இதுக்க அடியில சங்கிலி கெடந்தா, விழும்ப நெஞ்செலும்புல குத்தி ஏறும்.”

அவளுடைய தாலி கோத்திருந்ததும் அந்தச் சங்கிலியில்தான். மாமி எழுந்து, துணிக்கடைக்குக்கூடப் போகாமல், நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அவர் துணிக்கடையை விட்டுக்கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமியைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆன்ட்ரூஸை வெளிநாட்டுக்கு அனுப்ப அவருடைய சங்கிலி போனது, திரும்பி வரவில்லை. மகனும் மறந்துபோனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் தங்கம் கிடக்கிற கழுத்து மருமகளுடையதுதான். காலையில் எழுந்ததும் மாமியின் கண் முதலில் போகிற இடமும் அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீடியோ காலில் விசாரணை நடந்தது, சாட்சியாக நானும் உட்கார்ந்திருந்தேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்க மவன் அங்க உசுரோட கெடக்கும்ப இவ வெறுங்கழுத்தோட மலையில உருளணுமா என்று கேட்டார். ஆன்ட்ரூஸ் ஆபீசில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை: மோதிரம், சங்கிலி, வாட்ச் அணிந்து யாரும் வேலைத்தளத்துக்குள் வரக்கூடாது. கீழே கையெழுத்து அவருடையது.

அஜிதா அதிகம் பேசவில்லை. “ஒங்க கல்யாண மோதிரம் இங்க பீரோவுலதானே கெடக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“அது ஜோலி. இது வேற,” என்றார் ஆன்ட்ரூஸ். ஊருக்குத்தானே உபதேசம்.

போதகரிடமும் கேட்டார்கள். வேதாகமத்தில் தாலியைப் பற்றி ஒன்றுமே இல்லை, தாராளமாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவரு திருநெல்வேலிக்காரரு, நம்ம முறை அவருக்குத் தெரியாது என்று மாமி அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். கடைசியில் வீட்டுக்குள்ளேயே ஒரு சமரசம் ஆயிற்று. தலைக்கவசம் போடலாம். சங்கிலி கிடக்கும். கழுத்துக் காப்பைப் பந்தயத்தன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அஜிதா தன் சம்பளத்தில் வாங்கிய அந்தக் காப்பு, பெட்டியோடு பீரோவின் மேலே ஏறியது. நான் ரெண்டு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று மதில் பக்கம் போனேன். விடுங்கக்கா என்று அஜிதா என் கையைப் பிடித்துவிட்டாள். எனக்கு அவள்மேலேயும் கோபம் வந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவள் பயிற்சிக்குப் போனாள். நான் ஸ்கூட்டரோடு கீழே, ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றேன். மேலேயிருந்து நன்றாகத்தான் வந்தாள். நனைந்த சருகுக்கு அடியில் ஒரு வேர் கிடந்திருக்கிறது. முன்சக்கரம் அதில் முட்டி, சைக்கிள் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, தலைகீழாக, ஒரு மரத்தின் அடிமூட்டில் போய் விழுந்தாள். பறக்கும்போது சங்கிலி பிரேக் பிடியில் மாட்டி இழுத்து அறுந்தது.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தங்கப்பன் கத்தியைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். கவசம் பின்பக்கம் விண்டு கிடந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அது அன்றைக்கு நடந்தது. ஆனால் கழுத்து? சங்கிலி இழுத்த இடத்தில் சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு. திருப்ப முடியவில்லை. கை மரத்துப்போகுது அக்கா என்றாள். ஆடாமல் கிடக்கச் சொல்லிவிட்டு மாமிக்கு போன் செய்தேன். அஜிதா விழுந்துவிட்டாள், கழுத்தில் அடி என்று சொன்னேன்.

“சங்கிலி கெடக்கா?” என்று கேட்டார் மாமி.

அறுந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் போன் கட்டானது. ஒரு நிமிஷத்தில் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார் ஆன்ட்ரூஸ். “அக்கா, செயின் கிடைச்சா?” என்றார். தாயும் பிள்ளையும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே கேள்வி. இரண்டு போனையும் அஜிதா கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

ஆம்புலன்ஸில் அவளோடு நான் போனேன். தோட்டத்துக்கு மாமி சொந்தக்காரர்களோடு வந்து இறங்கியிருக்கிறார். வாரியலும் அரிப்புச் சல்லடையும் கொண்டுவந்து சரிவு முழுக்கச் சருகைக் கூட்டியிருக்கிறார்கள். தோட்டம் வைத்த நாளிலிருந்து அந்த மலை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று தங்கப்பன் பிறகு சொன்னான். சங்கிலி மரத்தில் பால் பிடிக்கிற ஒரு சிரட்டைக்குள் கிடைத்தது, சிலுவை பொறித்த தாலி சரிவின் வேறொரு படித்தட்டில் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசையும் நரம்பும் இழுபட்டிருக்கிறது, மூன்று வாரம் அசையக்கூடாது என்று சொல்லி மோவாய் வரை கனமான பட்டை போட்டார்கள். மாமி வர மத்தியானம் தாண்டிவிட்டது. இவ்வளவு நேரம் எங்கே என்று கேட்டேன். நகைக்கடைக்காரனிடம் கொடுத்துச் சங்கிலியை ஒட்டவைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். சொல்லும்போது ஒரு கூச்சம் வேண்டுமே, அது இல்லை. மடியிலிருந்து சங்கிலியையும் தாலியையும் எடுத்து, பட்டைக்கு மேலேயே போட்டுவிடலாமா என்று நர்ஸிடம் கேட்டார்.

அஜிதா கையை நீட்டினாள். மாமி கொடுத்தார். அவள் தாலியை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பிறகு மாமியைக் குனியச் சொன்னாள். தலையணையை நேராக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் குனிந்தார். படுத்தபடியே, மரத்துப்போன விரல்களால், அந்தப் பதினோரு பவுனை மாமியின் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டாள்.

“தாலி எனக்க கையில இருக்கட்டும் மாமி. சங்கிலிய நீங்க பாத்துக்கிடுங்க. கழுத்த நான் பாத்துக்கிடுதேன்.”

மாமி நிமிர்ந்தார். கழற்றிக் கொடுப்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை சங்கிலி வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம் எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தது. வெறுங்கழுத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை. விண்ட கவசத்தைப் பசை வைத்து ஒட்டலாமே, சங்கிலியை ஒட்டவில்லையா என்று மாமி ஒரு தடவை கேட்டார். ஒரு அடி வாங்கிய கவசம் இன்னொரு அடி தாங்காது என்று ஜெபிஷ் சொல்லிவிட, அஜிதா புதிது வாங்கினாள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பீரோவின் மேலிருந்து கழுத்துக் காப்பும் இறங்கியது.

பந்தயத்தன்றைக்கு மாமியும் வந்தார். பட்டுச்சேலை, அதற்கு மேலே வெளியே தெரிகிற மாதிரி சங்கிலி. சட்டைக்கு உள்ளே ஒரு சின்னப் பையைத் தைத்து அஜிதா தாலியை அதில் வைத்திருந்தாள். பெண்கள் ஐந்து பேர். அஜிதா நான்காவதாக வந்தாள். அதுவும் ஒழுங்காக வரவில்லை. கோட்டைத் தாண்டி பிரேக் பிடித்தவள் சரளைக்கல்லில் வழுக்கி, எங்கள் கண்முன்னே உருண்டு விழுந்தாள்.

நான் எழுவதற்கு முன்னால் மாமி ஓடினார். ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தார், மறுகையால் மார்பில் ஆடுகிற சங்கிலியை இறுக்கிப் பிடித்திருந்தார். அஜிதா எழுந்து உட்கார்ந்து கவசத்துக்குள்ளிருந்து பார்த்தாள்.

“ஏட்டி, கழுத்துக்கு ஒண்ணும் ஆவல்லியே?” என்று கேட்டார் மாமி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்வானேன், நிறைந்துதான் விட்டது. சங்கிலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அது அவர் கழுத்திலேயே பத்திரமாகக் கிடந்தது.