ஐந்து மேப்பிள் மரங்களைக் கொன்றது அக்கா அல்ல

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு அச்சாகும் இந்த மலரில் எனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று அக்காவின் மகளிடம் கேட்டு வாங்கினேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், ஓர் ஊரில் நிலையாக இராதவன் என்ன எழுதப்போகிறான் என்று உறவினர்கள் நினைக்கலாம். எழுத வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு முன் அக்காவின் வாழ்க்கையை முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

அக்கா கோலார் தங்கவயலில் பிறந்தார். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். நெஞ்சில் தூசி அடைத்து இறந்தார். அக்கா எட்டாவது வரை படித்தார். மணமாகி பெங்களூர் நீலசந்திராவுக்கு வந்தார். மாமா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. உதவிக்கு வந்தவர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போய்விட்டார்கள். நான் அதற்கு முன்பே போய்விட்டேன்.

1991இல் ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாவில் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். அங்கே ஏழு பெரிய தொட்டிகளில் ஜப்பான் மேப்பிள் மரங்கள் இருந்தன. வீட்டுக்கார அம்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு மலைப் பிரதேசத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்தவை. ஆள் உயரம், விரல் விரித்த கை போன்ற சிவப்பு இலை. பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்த மரத்துக்கு இந்தக் குளிர் போதாது. மார்ச் மாதம் வந்தால் இலையின் ஓரம் கருகும். நோய் என்று சொல்லி முந்தைய தோட்டக்காரர் மருந்தாக அடித்துக்கொண்டிருந்தாராம். அது நோயல்ல, நடுப்பகல் வெயிலும் போர்வெல் தண்ணீரின் உப்பும்தான் என்று கண்டுபிடித்தவர் அக்கா. தொட்டிகளைக் காலை வெயில் மட்டும் படும் சுவரோரம் நகர்த்தினார். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றினார். மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்து நீர் வடியவிட்டார். துளிரில் அசுவினிப் பூச்சி பிடித்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலையின் அடிப்பக்கத்தைத் துடைப்பார். ஒரு கிளை திடீரென்று வாடினால், வெட்டிய இடத்தில் உள்ளே கறுப்புக் கறை தெரியாமல் போகும் வரைக்கும் கீழே கீழே வெட்டுவார். அடுத்த மரத்தைத் தொடுமுன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைப்பார். பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கார அம்மாவைத்தான் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறேழு வருடம் இப்படிப் போயிற்று. ஒரு டிசம்பரில் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. நான் அப்போது அத்திபெலேயில் லாரி கிளீனர் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மரங்களை ஒரு மாதம் என்னிடம் ஒப்படைத்தார். நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தன் மகனுடைய ஆபீசில் பியூன் வேலைக்குச் சொல்வதாக வீட்டுக்கார அம்மாவும் சொல்லியிருந்தார்.

"எல்லா இலையும் கொட்டிட்டு நிக்கும். செத்துப்போச்சுன்னு நெனச்சிடாதே, தூங்குது. மண்ணுல விரலை விட்டுப் பாரு. ஈரம் இருந்தா கிட்டவே போகாதே. உரம் கிரம் ஒண்ணும் வேணாம். புரியுதாடா?"

"ஏழு தொட்டிதானேக்கா. எனக்குத் தெரியாதா?"

போய்ப் பார்த்தால் ஏழு குச்சி நின்றது. வாட்ச்மேன் சிரித்தார். "ஏனப்பா, கட்டைக்கெல்லாம் காவலா? அடுப்புக்குக் குடு, வெந்நீராவது போடலாம்."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அக்கா வருவதற்குள் துளிர் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். காலையும் மாலையும் போர்வெல் குழாயைத் திறந்துவிட்டேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தொட்டிக்கு ஒரு வாளி ஊற்றினேன். ஜனவரிக் கடைசியில் மொட்டு வீங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் மண்ணில் விரலை விட்டு மோந்து பார்த்தார். தொட்டியைச் சாய்த்தோம். வேர் கறுத்துக் கூழாக வந்தது.

"எவ்வளவுடா ஊத்தினே?"

"ரெண்டு வேளை."

"இது என்ன நாத்தம்?"

"கொஞ்சம் புண்ணாக்குக்கா. கொஞ்சம்தான்."

என்னைத் திட்டவில்லை. அழுகிய வேரை வெட்டி, மிச்சத்தைக் கழுவி, மணலும் செங்கல் பொடியும் கலந்து எல்லாவற்றையும் மாற்றி நட்டார். தையல் காயாத உடம்பு. மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஐந்து மரம் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா வந்து, "யாரு செஞ்சது இது?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்:

"நான்தாம்மா. ஆஸ்பத்திரி போற அவசரத்துல உரத்தை அள்ளிக் கொட்டிட்டேன். தம்பி தண்ணி ஊத்தினதோட சரி. அவன் மேல தப்பில்ல."

அன்றே அக்காவை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பியூன் வேலை கிடைத்தது. நான்கு மாதம் போனேன். பிறகு ஒரு காலை ஒக்கலிபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஸ்டேஷனில் இறங்கி, ரயிலேறி ஹூப்ளி போய்விட்டேன். காரணம் எதுவும் இல்லை. ஜூன் மாதம் மீதி இரண்டு மரமும் துளிர்த்ததாம். வாட்ச்மேன் வந்து அக்காவிடம் சொன்னாராம். அக்கா போய்ப் பார்க்கவில்லை.

அதன்பின் அக்கா ஊதுவத்தி உருட்டி மகளைப் படிக்கவைத்தார். ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் சித்தி, "உன்னை நம்பி ஒரு துளசிச் செடி குடுக்கலாமாடி? ஜப்பான் மரத்தையே கருக்கினவளாச்சே!" என்றார். பந்தியே சிரித்தது. "குடுக்காதீங்க சித்தி" என்று சொல்லிவிட்டு அக்கா ரசம் ஊற்றிக்கொண்டு போனார். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. இந்தப் பேச்சு பின்னர் எத்தனையோ வீட்டு விசேஷங்களில் நடந்தது.

கடைசி மாதம் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம். நான் போனப்புறம் சொல்லு. இப்ப சொன்னா ஆளாளுக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாவம் பாப்பாங்க. அவங்களோட பேச எனக்குத் தெம்பில்ல."

இரவு பகல் பாராமல் ஆட்டோ கொண்டுவந்த நீலசந்திரா அண்டை வீட்டார், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட நர்ஸம்மா, அடக்கத்துக்கு நடந்தே வந்த அந்த வாட்ச்மேன், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வர முடியாதவர்களுக்கும் மலர் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சித்தி வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அக்காவின் கையில் ஒரு மரமும் சாகவில்லை. இனி அந்தப் பேச்சை எடுக்கிறவர்கள் என் பெயரைச் சொல்லி எடுங்கள். அக்காவுக்கு நான் செய்யக்கூடியது இதற்கு மேல் ஒன்றுமில்லை.