துகளை அளந்த ‘நாங்கள்’

எங்கள் தீவுப் பேச்சில் ‘நாம்’ என்று யாரும் சொல்வதில்லை. எதற்கும் ‘நாங்கள்’தான், கேட்டுக்கொண்டிருப்பவரும் அதற்குள் அடக்கம். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

எங்கள் தீவில் சுருவில் ஊர்க்காரனான அவனும் அதே தீவின் புளியங்கூடலில் பிறந்த நானும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பௌதிகம் படித்தோம். அவன் ஐரோப்பாவில் துகள்களை மோதவிடும் ஆய்வுகூடத்துக்குப் போனான். நான் ஊரில் ஆசிரியை ஆனேன். அங்கே புதிய துகளொன்று பிடிபட்டதும் எனக்கு அழைப்பெடுத்தான்.

“அதின்ர சுழற்சி என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் அளப்பம். நீர் கோணங்களைப் பாரும். இது சரிவந்தால் உமக்கும் இங்க ஒரு ஆய்வாளர் இடம் எடுக்கலாம்.”

அந்த இடத்துக்காக நான் உயிரையே விட்டிருப்பேன்.

அந்தத் துகள் பிறந்த கணமே சிதறிவிடும். சிதறியவை எந்தக் கோணங்களில் பறக்கின்றன என்று பார்த்துத்தான் அதன் சுழற்சியைச் சொல்ல முடியும். அவன் அனுப்பிய வரைபடத்தின் வளைவு, சுழற்சி ‘இரண்டு’ என்றது. எனக்கு மனம் ஒப்பவில்லை. துகள்கள் கற்றையாக ஓடும் குழாயை ஒட்டிப் பறப்பவை கருவியில் படாமல் தப்பிவிடும். அதற்கு அவர்கள் போட்ட திருத்தம் போதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, விடுமுறை முழுக்க இருந்து, திரும்பக் கணித்தேன். வளைவு தட்டையானது, எல்லாக் கோணங்களிலும் ஒரே அளவு. அப்படியென்றால் சுழற்சி பூச்சியம். அதை அவனுக்கு அனுப்பிவைத்தேன்.

சென்ற ஆண்டு ஊருக்கு வந்தவன் எங்கள் பள்ளிக்கூடத்தில் உரையாற்றினான். “குழாயை ஒட்டிய அந்த இடத்தில்தான் நாங்கள் பிழையைக் கண்டுபிடித்தோம்” என்றான். முன்வரிசையில் இருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“நாங்கள் எண்டால் ஆர் ஆர், தம்பி?” என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஆசையாகக் கேட்டார்.

“நானும் அங்க என்னோட வேலை செய்யிற ஆக்களும், சேர்.”

என் பக்கம் திரும்பவேயில்லை, பாவி.

தேநீர் குடிக்கும்போது கிட்ட வந்தான். “கோவிக்காதையும். வெளி ஆளின்ர பெயரைச் சொல்ல ஏலாது.”

வெளி ஆள். “அந்த ஆய்வாளர் இடம்?” என்றேன்.

“அதை வேற ஒருத்தருக்குக் குடுத்திட்டினம். நீர் ஊரை விட்டு வரமாட்டீர் எண்டு நான்தான் சொன்னனான்.”

என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! அவன் குரலைத் தாழ்த்தினான். “இப்ப இன்னொரு துகள் வந்திருக்கு. பாக்கிறீரே?”

தேநீரை அவன் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும்.

“அது என்னவாச் சிதறுது?” என்று கேட்டேன்.