மேஸ்திரி அக்காவின் கைகள்

மேஸ்திரி அக்கா என்றதும் அவருடைய முகத்தைவிட முதலில் எனக்கு நினைவுக்கு வருபவை, முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்ட இரண்டு கைகள். உப்பு அரித்து வெடித்த விரல்கள். ஒரு மழைக்காலம் முழுக்க, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி அவர் அப்படித்தான் நடந்தார். அதற்குக் காரணம் நான் போட்ட சத்தம்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, மூடிக் கிடந்த ஓர் இறால் பண்ணையில் அப்போது எனக்கு வேலை. பண்ணையில் கொட்டிய சுண்ணாம்பும் மருந்தும் மண்ணைச் சாகடித்திருந்தன. அங்கே பழையபடி உமரியை, உப்பு மண்ணில் வளரும் அந்தக் கீரைச் செடியை, வரவழைக்க வேண்டும். நிலத்துக்காரர் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு மழைக்காலம். தை பிறந்ததும் வந்து பார்ப்பேன், பச்சை இல்லையென்றால் மறுபடியும் இறாலுக்கே விட்டுவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஓடைக்கரையிலிருந்து விதை முற்றிய உமரிகளை வேரோடு பெயர்த்து வந்து, நானும் என் கணவரும் இடுப்பு ஒடிய வரிசை வரிசையாக நட்டோம். எல்லாம் பிடித்துக்கொண்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழையில் உப்பளத்தில் வேலை இருக்காது. அதனால் அங்கே பெண்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி அக்காவையும் அந்தப் பெண்களையும் அழைத்து, பண்ணைக்காரர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் ஷீட்டுகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாத்தனாரின் வளைகாப்புக்காகப் பிரம்மதேசம் போனேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தால், அக்கா முகமெல்லாம் சிரிப்பாக எதிரே ஓடி வந்தார்.

"பாருங்க மேடம், ஷீட்டு மட்டுமில்ல, களையையும் புடுங்கிட்டோம். ஒரு பச்சை இருக்குதா பாருங்க!"

இல்லை. ஒன்றுகூட இல்லை. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்கா திகைத்துப்போய் நின்றார்.

"பாத்தியில பச்சை நின்னா உப்பு அழுக்காயிடும் மேடம். சின்ன வயசுலேர்ந்து புடுங்கியே பழகின கை. இதைப் போயா நட்டு வளக்கிறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு வந்த சிரிப்பு என்பதால் அடக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்துதான் அக்கா கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டார். "அவுத்து விட்டா அதுங்க பாட்டுக்குப் புடுங்கிடும்" என்பார்.

பிடுங்கிய செடிகளை அவர்கள் தாழ்ந்த மூலையில் பரப்பிப் போட்டிருந்தார்கள். உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்த இடம் அது. நாங்களே நடத் துணியாத இடம். மழை கொட்டியது. இரண்டு வாரம் கழித்து, "மேடம், ஓடியாங்க!" என்று அந்த மூலையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. மக்கிய சருகின் நிழலில், கொட்டிய விதைகளெல்லாம் முளைத்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அப்போதும் அவர் கைகளை அவிழ்க்கவில்லை. மறுநாளே ஓடைக்கரையிலிருந்து முற்றிய உமரியை அறுத்து வந்து நிலம் முழுக்கப் பரப்பினோம். நட்டு வளர்ப்பதைவிட அது நன்றாகவே வந்தது. படித்த எனக்கு அது தோன்றவில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

தையில் நிலத்துக்காரர் வந்தார். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம நெலம்தானா?" என்றார். பிறகு, "சரி, இருக்கட்டும்ங்க. இறால் வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். உப்பளப் பெண்கள் போட்ட குலவையில் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

போன வாரம் அக்கா வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது அந்த நிலத்தில் வெறும் மண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கைகளைப் பின்னால் கோத்தபடியே ஒரு சுற்று நடந்துவிட்டு, என் அருகில் வந்து தயங்கி நின்றார்.

"மேடம், பருப்புல போட ஒரு புடி கிள்ளிக்கட்டுமா?"

"கிள்ளுறதென்ன, புடுங்கியே எடுத்துக்கங்கக்கா" என்றேன்.

இரண்டு கைகளும் முன்னால் வந்தன.