யார் வீட்டு முறம்

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார் பக்கிரிசாமி. வீடு அவருடையதல்ல; கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெளிவரும் வாரப் பத்திரிகையின் நிருபர் அவர். ரயிலேறி எந்தத் தோட்டத்தில் போய் இறங்கினாலும் பென்சிலை வெளியே எடுக்கமாட்டார். வீட்டுக்காரியின் முறத்தை வாங்கிக்கொள்வார். "நீ பேசு தங்கச்சி, கை பாட்டுக்கு வேல பாக்கட்டும்." ஆண்பிள்ளை அரிசி பொறுக்குவதைக் கண்டு சிரிக்கும் பெண்கள், சிரித்து ஓய்ந்ததும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லாம் கேட்டபின் ஒரு கேள்வி: "அன்னைக்கு என்ன சமைச்சே?" சாவோ சண்டையோ, அவர் கட்டுரை அடுப்பிலிருந்துதான் தொடங்கும். "தந்திச் செய்திக்கே எடமில்ல, ஒமக்கு ரசத்துக்கு ஒரு பத்தியா?" என்று ஆசிரியர் பாதியை வெட்டுவார். காப்பிக் கடையில், "என்ன பக்கிரி, இந்த வாரம் யாரூட்டுக் கொழம்பு?" என்பார்கள், பத்திரிகை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். மனைவி இராஜம்மாவின் குரல் பக்கத்து வீட்டிலிருக்கும் எங்களுக்கே கேட்கும்: "ஊரார் முறத்தத் தொடுற கை, நம்மூட்டு முறத்த ஒரு நாளாச்சும் தொட்டுச்சா?"

மூன்று மாதத்துக்கு முன் மாரியாயி என்ற பால்வெட்டுக்காரியைப் பற்றி எழுதினார். புருஷன் இல்லாதவள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியும் கங்காணி ரப்பர்ப் பால்வெட்டிலிருந்து விடவில்லை. மதியம் திரும்பியபோது தொட்டிலில் உடம்பு சில்லிட்டிருந்தது. அவள் பெயரை எழுதவில்லை. தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. கிழிந்த சேலைக்குப் பழைய குடைத்துணி ஒட்டுப்போட்ட தொட்டிலை மட்டும் விட மனம் வரவில்லை. அந்த வரியில் அழாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. கங்காணியும் படித்தார். குடைத்துணித் தொட்டில் அந்த லயத்தில் ஒன்றுதான் இருந்தது.

"பேர மறைச்சீங்கண்ணே. தொட்டில மறைக்கலியே," என்று மூட்டையோடு அவர் வாசலில் வந்து நின்றாள் மாரியாயி. செக்ரோல் என்ற ஆள்பட்டியலில் அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். கங்காணிக்குக் கங்காணி சேதி போனதில் வேறு தோட்டங்களிலும் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து இராஜம்மாவின் அடுப்படியில் இருக்கிறாள்.

இப்போது பந்திங்கில் ஒரு தோட்டம் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

பத்திரிகைக்கோ கடிதமாக வருகிறது: அந்தத் தாய் என்ன ஆனாள்? பக்கிரிசாமியின் பத்திகளை வெட்டிய ஆசிரியரே முழுப் பக்கம் தருகிறேன் என்கிறார்.

"வேணாம்ண்ணே. இதாச்சும் நெலைக்கட்டும்," என்றாள் மாரியாயி. பக்கிரிசாமியும் தலையாட்டினார்.

ஞாயிறு காலை, கறிவேப்பிலை வாங்க நான் போனபோது, அவள் அடுப்படியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி வந்து எதிரில் சம்மணமிட்டார். சும்மா இருப்பதுபோல் கையை நீட்டி முறத்தை வாங்கிக்கொண்டார். இராஜம்மா கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"தங்கச்சி, லயத்த விட்டு வந்த அன்னைக்கு... என்ன சமைச்சே?"

மாரியாயி, அரிசிக்குள் நகரும் அவர் விரல்களைப் பார்த்தாள். கையில் எடுத்து வைத்திருந்த கற்களை அம்மிமேல் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போனாள்.